முள் இறங்கும் நேரம்

டமார்!

1974, ஆவணி. நண்பகல். கோவளம் ஐஸ் ஃபாக்டரியே அதிர்ந்தது!

லிப்டின் கம்பி வடம் அறுந்து, முப்பதடிப் பள்ளத்தில் மீன் கூடைகளுக்கு நடுவே கிடந்தார் முதலாளி கங்காதரன். கண்கள் திறந்திருந்தன. உயிர் மட்டும் இல்லை!

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆபிரகாம் இறங்கினார்.

"மேல நின்னுக்கிட்டு லிப்ட்காரன்கிட்ட 'நிறுத்து... ஏத்து'ன்னு மூணு வாட்டி கத்துனது யாரு?"

"நான்தான் சார்."

மீன் விற்கும் செங்கம்மாள் முன்னே வந்தாள். மாட்டினால் தூக்குக் கயிறு!

"எதுக்குக் கத்துனே?"

"கூடை சாஞ்சிகினு இருந்துச்சி. மீனு கொட்டிப் பூடுமேன்னு..."

"உன் புருஷன் தாமோதரனும் போன வருஷம் இதே பள்ளத்துலதானே விழுந்தான்?"

"வுழல சார். மொதலாளிதான் தள்ளிவுட்டாரு. சாட்சிதான் இல்ல."

"அதான் பாரத்தை அதிகமா ஏத்திட்டியா? இன்னிக்கு மட்டும் எப்படி இவ்வளவு மீனு?"

"கடலு குடுத்துச்சி. நிறுத்தது அவரு, ஏத்துனது அவரு. தோ, அவரு எழுத்து!"

சுவரில் கங்காதரனின் சாக்பீஸ் எழுத்து. கூடைகளும் அவருமாக நானூறு கிலோ. லிப்ட் தாங்குவதும் நானூறுதான்!

பள்ளத்தில் கிடந்த லிப்டுக்குள் தொங்கிய ஸ்பிரிங் தராசை ஆபிரகாம் எட்டிப் பார்த்தார்.

"இதுலயா நிறுப்பாரு?"

"ஆமா சார். கூடையை மாட்டி லிப்டைக் கீழ வுடுவாரு. கெளம்பச்சொல்லோ முள்ளு எறங்கும். அப்பப் பாத்துக் கூவுவாரு... இருபத்தஞ்சி கிலோ மீனு இருபதாப் பூடும்!"

ஆபிரகாம் வாய்விட்டுச் சிரித்தார்.

"திருட்டு எடையை அவனே நம்பிட்டான்யா! எழுதினது நானூறு, ஏறினது கிட்டத்தட்ட ஐநூறு! விபத்துன்னு எழுது. இந்தம்மா பாவம், ஒண்ணும் தெரியாதது."

செங்கம்மாள் தலை குனிந்தாள். சாவதற்கு முதல் நாள் தாமோதரன் சொன்னது காதில் கேட்டது.

'கீழ கெளம்பச்சொல்லோ முள்ளு எறங்குதே... மேல கெளம்பச்சொல்லோ எகிறும்டி! நைஞ்ச வடம் எத்தினி வாட்டி தாங்கும்?'

மூன்று வாட்டி!

பள்ளத்திலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இழுக்கத் தொடங்கினார்கள் கான்ஸ்டபிள்கள்.

செங்கம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்து ஏட்டய்யா... வெடுக்குனு இழுக்காதீங்க!"

கையெழுத்துப் போடப்போன இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"ஏன்?"

"மேல கெளம்பச்சொல்லோ அண்ணாத்த கொஞ்சம் வெயிட்டாயிடுவாரு சார்!"