குடைவீரன் படைக்கு ஆள் தேவை

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று எனக்குத் தெரியும். மோப்பம் பிடிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கிறது, வாசனை வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அதனால்தான் அபிதா ஒரு படை தொடங்கிய செய்தியும் முதலில் எனக்கே தெரிந்தது.

அபிதாவுக்குப் பத்து வயது. ராயகிரியிலிருந்து அவளும் அவள் அம்மாவும் சங்கரன்கோவிலுக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். அபிதா பள்ளிவிட்டு வந்து வாசல்படியில் தனியாக உட்கார்ந்து படம் வரைவாள்.

ஒருநாள் போய் எட்டிப் பார்த்தேன். "யாருட்டி இது, குடையும் கையுமா?"

"குடைவீரன், அத்தை. ஒரு பழைய காமிக்ஸ்ல வாரான். ஒரே ஒரு கட்டத்துலதான். பெரிய வீரன் பறந்து வந்து, 'தள்ளி நில்லு'ன்னு சொல்லிருவான். அதோட இவனைக் காணோம்."

"பெறகு?"

"பெறகு இவனுக்கு என்ன ஆச்சுன்னு யாருமே எழுதல. அதான் நான் வரையுதேன். திருட்டு, ஏமாத்து எல்லாத்தையும் பிடிக்க, இவனே ஒரு படை தொடங்குதான்."

நோட்டைப் புரட்டினேன். மலை உச்சியில் குடைவீரன். பஸ் நிலையத்தில் குடைவீரன். கோபுர வாசலில் குடைவீரன். எல்லாப் பக்கத்திலும் ஒற்றை ஆள்.

"படைன்னா நாலு பேரு வேண்டாமாட்டி?"

"இன்னும் யாரும் சேரல, அத்தை."

மறுநாள் மின்கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'குடைவீரன் படை. குற்றங்களைப் பிடிப்போம். ஆட்கள் தேவை.' அதன் கீழே அபிதா குடை பிடித்து நின்றாள். மழையும் இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது.

"ஏட்டி, குடை ரிப்பேரா?" என்று சைக்கிளில் போன தெருப் பையன் மாரிச்செல்வம் கேட்டான். கூடப் போனவர்கள் சிரித்தார்கள்.

ஆடிக் காற்று தாளின் ஒரு மூலையைப் பிய்த்தது. அவள் அதைக் கையால் அழுத்திக்கொண்டு இருட்டும்வரை நின்றாள். ஒருத்தரும் வரவில்லை.

குற்றம் மட்டும் வந்தது.

எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை, காலையில் தண்ணீர் வரும். முந்தின சாயங்காலமே வீட்டுக்கு ஒரு குடம் வரிசையில் வைத்துவிடுவோம். காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல். நாம் வீட்டில் தூங்கினாலும் குடம் நமக்காக நிற்கும். அந்த வரிசையைக் கலைப்பதைப்போல் பெரிய குற்றம் எங்கள் தெருவில் கிடையாது.

குழாய் என் வீட்டுக்கு எதிரில். அதனால் என் சிவப்புக் குடம்தான் முதலில். அடுத்தது அபிதா வீட்டு மஞ்சள் குடம். ஆனால் மூன்று தடவையாக, விடிந்து பார்த்தால் என் குடம் நான்காவதாக நின்றது. மஞ்சள் குடம் முதலில்!

வரிசையில் நின்ற கோமதியம்மாள் பொங்கிவிட்டாள். "குடிவந்து ரெண்டு மாசம் ஆகல, யோகலட்சுமி குடத்தைத் தள்ளிட்டு முன்னால வந்துட்டியே!"

"நான் தொடவே இல்லக்கா," என்றாள் அபிதாவின் அம்மா.

"பெறகு குடத்துக்குக் கால் முளைச்சிட்டா? இன்னொரு தடவை நடந்துச்சு, உங்க குடத்துக்கு இங்கன இடம் கெடையாது. பாத்துக்கோ!"

எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிற இந்த யோகலட்சுமி, அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை.

சாயங்காலம் அபிதா நோட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு பக்கத்தில் முந்தின மாலை வரைந்த ஆறு குடங்கள். எதிர்ப் பக்கத்தில் காலையில் வரைந்த ஆறு குடங்கள். நடுவில் குடைவீரன் காவல்.

"எல்லாரும் யாரு முன்னால வந்தாங்கன்னு பாக்காங்க, அத்தை. நான் யாரு பின்னால போனாங்கன்னு பாத்தேன். மத்த அஞ்சு குடமும் வரிசை மாறவே இல்ல. உங்க குடம் மட்டும்தான் நகர்ந்திருக்கு."

"யாராவது நகர்த்தியிருப்பாங்க," என்றேன்.

அபிதா அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் எப்போதும் மடித்த துணிதான் உட்கார்ந்திருக்கும். டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நான் என்ன கேட்டாலும் அது பதில் சொல்லாது.

"முதல்ல தண்ணி பிடிச்சா உடனே வீட்டுக்கு வந்துரணும், இல்லையா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள். "பேச்செல்லாம் பெறகுதான ஆரம்பிக்கும்?"

ஊர்க்கதை முழுக்க எனக்குத் தெரியும். என் கதையை இப்படி ஒருத்தர் என்னிடமே சொன்னதில்லை.

ஒற்றை ஆளுக்கு இரண்டு குடம் போதும். மூன்று நிமிடத்தில் நிறைந்துவிடும். நிறைகுடத்தோடு நின்றால், 'இன்னும் போகலியா?' என்பார்கள். வரிசையின் நடுவில் என்றால் முன்னால் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர், அரைமணி நேரப் பேச்சு. அதை வைத்து அடுத்த நான்கு நாளை ஓட்டிவிடலாம். தெருவே சீரியல் பார்க்கிற நேரத்தில் போய்க் குடத்தை நகர்த்தினேன்.

"எல்லார்ட்டயும் சொல்லப் போறியாட்டி?"

"மாட்டேன். ஆனா அம்மா காலைல சாப்பிடாமலே கடைக்குப் போயிட்டா."

நான் டிவியை அணைத்தேன்.

அவளே தொடர்ந்தாள். "படைக்கு ஒரு ஆள் வேணும், அத்தை. முதல்ல தண்ணி பிடிச்சிட்டு, கடைசிக் குடம் நிறையுறவரை அங்கனயே நின்னு வரிசையைப் பாத்துக்கணும். நீங்கன்னா எதுவும் தப்பாது."

அடுத்த தண்ணீர் நாளில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "என் குடத்தை நான்தான் நகர்த்தினேன். பழி மட்டும் இந்தப் பிள்ளைக்கு." அபிதாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிரும்மா."

"நீயேவா? எதுக்கு?" என்றாள் கோமதியம்மாள்.

"உன் மருமக கதையைப் பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். கோமதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கூறுகெட்டவளே, நின்னு பேசுனா யாரு வேண்டாம்னா?" என்றாள். பிறகு குனிந்து, நிறைந்த மஞ்சள் குடத்தைத் தானே தூக்கி அபிதாவின் அம்மா இடுப்பில் வைத்தாள்.

இப்போது நான் கடைசிக் குடம் நிறையும்வரை குழாயடியில் குடையோடு நிற்கிறேன். நேற்று மாரிச்செல்வம் சைக்கிளைவிட்டு இறங்கி, "நானும் சேரலாமா?" என்றான்.

"ஏலே, உன்கிட்ட குடை இருக்கா?" என்று கேட்டாள் அபிதா.

நோட்டின் புதிய பக்கத்தில் குடைவீரன் தனியாக இல்லை. பக்கத்தில் இடுப்பில் சிவப்புக் குடத்தோடு ஒருத்தி நிற்கிறாள். என்ன, மூக்கைத்தான் கொஞ்சம் நீளமாக வரைந்துவிட்டாள். பரவாயில்லை, நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தெருவில் நான்கு பேரிடம்தான் சொன்னேன்.