காகத்துக்கு வைத்த சோறு

குதிரை தொட்டித் தண்ணீரை மணந்து பார்த்துவிட்டு, குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது.

சிவமலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த மிருகத்தின் எந்தக் காரியத்தையும் உற்றுப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. மோரிட்ஸ் என்ற அந்தச் சடை மண்டிய மஞ்சள் குதிரை வாயைத் திறந்தால் பச்சை நுரை வடியும், கண்ணோரத்தில் ஈ மொய்க்கும், வாலைத் தூக்கினால் எட்ட ஓட வேண்டும். ஜேர்மனியின் டோர்ட்மண்டில் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக நாள் முழுக்க ஊராரின் வாய்க்குள் குனிந்து பார்க்கிறவளுக்கு இவ்வளவு அருவருப்பு ஆகாதுதான். ஆனால் அங்கே கையுறை இருந்தது.

எல்லாம் மகள் ஆதிரைக்காக. போன குளிர்காலத்தில் தகப்பன் செத்ததிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் வாய் திறப்பதில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை. குதிரையோடு மட்டும்தான் பேச்சு. கோடை விடுமுறைக்குச் சவர்லாந்து மலைக்காட்டில் குதிரையோடு போய்க் கூடாரம் அடிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, சிவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓமென்றாள். பிள்ளை காட்டுப் பாதையால் சவாரி செய்து வர, தாய் கூடாரத்தையும் புல்லுக்கட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து காத்திருந்தாள்.

குதிரையோடு வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. நெடிய ஊசியிலை மரங்களுக்கு நடுவில் ஒரு புல்வெளி, மரவேலி போட்ட பட்டி, கல்தொட்டி, ஒரு மேசை. அன்றைக்கு வேறு ஒருவரும் இல்லை. தொட்டித் தண்ணீரின் மேல், ஆறிய கஞ்சியில் படிவதுபோல ஓர் ஆடை படிந்திருந்தது. சிவமலர் ஒரு குச்சியால் அதை விலக்கினாள். குச்சியைத் தூக்க, அது நூல் நூலாக நீண்டுகொண்டு வந்தது. சீ, குதிரையின் எச்சில் என்று குச்சியை எறிந்தாள். குதிரை அந்தத் தொட்டியில் வாயே வைக்கவில்லை என்பது, கையைக் காற்சட்டையில் துடைக்கும்போதுதான் உறைத்தது.

அன்று ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம். ஆதிரை தானாகவே "நான் பிடிக்கிறன் அம்மா" என்று சொன்னதுதான் இந்த வருடத்தில் சிவமலர் கேட்ட ஒரே நல்ல சேதி. காலையிலிருந்து பிள்ளை வெறும் தண்ணீரோடு சவாரி செய்திருக்கிறாள். மத்தியானமே படைத்திருக்க வேண்டும். ஆனால் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும், இந்த விரதத்துக்கென்றே தமிழ்க் கடையில் அலைந்து பிடித்த கசப்புக் காத்தோட்டிக்காயும் ஆகி முடிய, பொழுது சாய்ந்து வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. சோற்றைக் கறிகளோடு குழைத்து, வாழையிலைத் துண்டில் உருண்டையாக்கி, வேலியோரக் கட்டையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"கா... கா..."

காகம் வரவில்லை. டோர்ட்மண்டில் குப்பைத்தொட்டிக்கு ஒரு காகம் குந்தியிருக்கும். இங்கே காகம் மட்டுமல்ல, ஒரு குருவிச் சத்தமும் இல்லை, பூச்சிச் சத்தமும் இல்லை. குதிரையைச் சுற்றி இரைந்த ஈக்கள்கூட எப்போதோ போய்விட்டிருந்தன.

"போதும், நீ சாப்பிடன் பிள்ளை. அப்பா கோவிக்க மாட்டார்."

"காகம் தொடாமல் நான் சாப்பிட மாட்டன்."

"தலை சுத்தி விழப் போறாய்."

"விழுந்தால் விழட்டும். அப்பா சாப்பிடாமல் எனக்கு வேண்டாம்."

தகப்பனின் பிடிவாதத்தை அப்படியே உரித்து வைத்திருந்தாள். சின்ன வயதில் அவர் சோற்றைக் குழைத்துக் கையால் வாயில் தீத்தினால்தான் வாயைத் திறப்பாள். தாய் கொடுத்தால் துப்புவாள். அந்தப் பழைய எரிச்சலும் பரிதாபமும் ஒன்றாகவே சிவமலருக்கு வந்தன. பிள்ளையின் உதடு வெளிறியிருந்தது. ஆதிரை தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு எழுந்து, குதிரையைத் தேய்த்துவிடப் பட்டிக்குள் போய்விட்டாள்.

சிவமலர் வேலியோரம் போய் நின்றாள். இருபது வருடக் கலியாணத்தில் புருசனின் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. செத்த பிறகும் அது வரவில்லை. வழக்கம்போலவே, மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ... பிள்ளை பசியோட இருக்கிறாள். வந்து சாப்பிடுங்கோ."

எங்கோ உள்ளே ஒரு கொப்பு முறிந்தது. பிறகு, அடிமரங்களுக்கிடையிலிருந்து ஒரு காற்று வந்தது. மலைக்காற்றாகத் தெரியவில்லை, இளஞ்சூடாக, ஈரமாக, முகத்தில் படிந்து ஒட்டிக்கொள்கிற காற்று. அதில் வந்த வாடை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. ஈறு அழுகிப்போனவர் வருடக்கணக்காக ஒளித்து வைத்த வாயை மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து திறக்கும்போது வருமே, அதே வாடை. காடு முழுக்க அந்த வாடை அடித்தது. சிவமலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பட்டிக்குள் மோரிட்ஸ் ஒருமுறை கனைத்தது, பிறகு தடதடவென்று மூலைக்கு ஓடுவது கேட்டது.

கறிச்சட்டியை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இலையில் சோறு இருந்தது. ஆனால் அவள் வைத்தபோது உருண்டை இப்படி மினுங்கவில்லை. வண்டோ நத்தையோ ஊர்ந்திருக்கும் என்று நினைத்து, எடுத்தெறியக் கையை வைத்தாள். விரல்கள் உள்ளே புதைந்தன.

சூடாக இருந்தது.

ஒரு பருக்கைகூட முழுசாக இல்லை. பல்லில்லாத வாயொன்று நெடுநேரம் குதப்பி, கூழாக்கி, மறுபடியும் அழகாக உருட்டி வைத்திருந்தது. கையை இழுத்தாள். எச்சில் நூல் நூலாக இழுபட்டு வந்தது. தொட்டியில் பார்த்த அதே நூல். நடுவில் நரைத்த ஒற்றை மயிர் சுருண்டு கிடந்தது. புல்லில் குனிந்து ஓங்காளித்தாள். கையைப் புல்லில் தேய்த்தாள், மண்ணில் தேய்த்தாள். தோலையே உரித்துப் போட வேண்டும் போலிருந்தது. பச்சைக் குழந்தைக்குத்தான் இப்படி மென்று கொடுப்பார்கள் என்று, கேட்காமலே ஒரு நினைப்பு வந்தது.

பிள்ளை.

"ஆதிரை! வா, காருக்குள்ள ஏறு! குதிரையை விட்டிட்டு வா!"

பட்டிக்கு ஓடினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குதிரை பட்டியின் தூர மூலையில், வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கழிந்து, உடம்பெல்லாம் உதற நின்றது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. தேய்க்கும் தூரிகை மட்டும் கிடந்தது.

தொட்டிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சளக்.

சளக்.

"அம்மா." பிள்ளையின் குரல்தான். ஆனால் வாய் நிறைய எதுவோ. "அப்பா வந்திட்டார் அம்மா. தீத்திவிடுறார்."

சிவமலரின் கால்கள் தாமாகவே நடந்தன. அருவருப்பா, பயமா, இரண்டும் அவளுக்குப் பிரிந்து தெரியவில்லை.

ஆதிரை முழங்காலில் இருந்தாள். கண்கள் மூடி. முகம் அண்ணாந்து. வாய் அகலத் திறந்து. தாடையில் கூழ் வழிந்து, கழுத்தில் இறங்கி, சட்டையை நனைத்திருந்தது. மரங்களின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டிருந்தது. நாட்கணக்கில் தண்ணீரில் ஊறிய இறைச்சியின் நிறம். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கை இல்லை. விரல்கள் உருண்டையோடு உதட்டைத் தாண்டின. பல்லைத் தாண்டின. மணிக்கட்டு வரை உள்ளே போயின. பிள்ளையின் தொண்டை வீங்கி, இறங்கியது.

அவள் சிரித்தாள். தகப்பன் செத்த பிறகு முதல்முறை.

இது அவரில்லை. பெயர் சொல்லாமல் கூப்பிட்டிருந்தாள். பசியோடிருந்த எதற்கோ கேட்டிருக்கிறது. சிவமலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாததைக் கத்தினாள்.

"சிறீதரன்!"

காட்டில் எதுவும் அந்தப் பெயருக்கு அசையவில்லை.

கைக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய உயரத்தில், குதப்பிக்கொண்டிருந்த ஒரு வாய் மட்டும், குதப்புவதை நிறுத்தியது. கண் இல்லை. மூக்கு இல்லை. பல் இல்லை. கறுத்து அழுகிய ஈறு மட்டும், ஈரமாக. அது மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. உள்ளிருந்து ஓர் உருண்டையை நாக்கால் தள்ளி, இன்னொரு கையில் ஏந்திக்கொண்டது.

அந்தக் கை அவளை நோக்கி நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. பிறகு அந்த வாய், சிவமலரின் சொந்தக் குரலில், பொறுமையாக, அன்பாகக் கூப்பிட்டது.

"கா... கா..."