யார் போட்ட பின்னல்?

பேய் பிசாசு என்று யாராவது வந்து நின்றால், "முதல்ல ஒரு வாரம் நல்லாத் தூங்குங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவைக்கிற ஆள் நான். குழந்தைகளின் மனநலம் பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருட அனுபவம். அந்தத் திமிரோடுதான் அன்று காலை பத்து மணிக்கு அவர்களை உள்ளே கூப்பிட்டேன்.

வளர்ப்புத் தாய்க்கு ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. குழந்தைக்கு ஆறு வயது; கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றவள் இறந்துவிட்டாள். காப்பகத்திலிருந்து கூட்டிப் போன இரண்டு வீடுகள் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டன. இது மூன்றாவது. இதுவும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

"ஊர்ப் பிள்ளைங்க கையெல்லாம் பிடிச்சு ஊசி குத்துறேன் டாக்டர். இவ கையைத் தொட முடியல. எட்டு மாசமாச்சு, ஒட்டவே மாட்டேங்கிறா. சரிப்படாதுன்னு நீங்க எழுதிட்டா, கொண்டுபோய் விட்டுடறேன்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குழந்தைக்கு ஒரு முடி பிசகாத ரெட்டைப் பின்னல்.

"தலை மட்டும் வார விடறாளா?"

"சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுவா. ஆனா காலையில எந்திரிச்சுப் பார்த்தா பின்னியிருக்கு."

கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ளும். 'அதீத சுயசார்பு' என்று குறித்துக்கொண்டேன். என்னைப் போல ஓர் அவசரக்குடுக்கை உண்டா?

பிறகு வழக்கமான சோதனை. விளையாட்டு அறையிலிருந்து தாய் ஐந்து நிமிடம் வெளியே போவாள். பிள்ளை என்ன செய்கிறது என்று ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் பார்ப்பேன்.

தாய் போனாள். குழந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விளையாடியதில் ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்க, இரண்டு கையாலும் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறைச் சத்தம் வரும் என் பக்கத்து ஒலிபெருக்கியில் சரக், சரக் என்றது. சீப்பு முடியில் இறங்கும் சத்தம்.

அந்த அறையில் சீப்பு கிடையாது.

"மெதுவாம்மா, இழுக்குது," என்றாள் குழந்தை.

அவிழ்ந்த முடி தானாக மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது.

அவள் கைகள் களிமண்ணில்தான் இருந்தன.

பொய் சொல்வானேன், ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஒன்று புரிந்தது. இவள் யாரிடமும் ஒட்டாத பிள்ளை இல்லை. ஏற்கெனவே ஒருத்தியின் மடியில் இருக்கிற பிள்ளை. அதை எந்த அறிக்கையில் எழுதுவது?

கதவைத் திறந்தேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வீசுமே, அந்தப் பால் வாடை அடித்தது. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அம்மா... நீங்க பிடிச்சிருக்கிற வரைக்கும் இவ யார்கிட்டயும் போகமாட்டா. மறுபடி காப்பகத்துக்கே அனுப்பிடுவாங்க. வெளியில நிக்கிறது நல்ல பொண்ணு. விட்டுக்கொடுங்கம்மா. கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

பின்னல் பாதியில் நின்றது.

வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு நெகிழ்ந்து சரிந்தது. குழந்தை நிமிர்ந்து, என் தலைக்கு மேலே எதையோ பார்த்து, வாய்விட்டு அழுதாள். அதுவரை அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு வளர்ப்புத் தாய் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். களிமண் கையோடு குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் அவள் போனில் கூப்பிட்டாள்.

"டாக்டர், தலை வார விட்டுட்டா! இப்ப என் கைமேலதான் தூங்குறா." சந்தோஷத்தில் குரல் தழுதழுத்தது. பிறகு சட்டென்று தாழ்ந்தது. "இன்னொண்ணு... ரூமுக்கு வெளியில யாரோ பொம்பள அழுறாங்க. வீட்டுல வேற யாருமில்ல."

"கதவு?"

"சாத்தித்தான் இருக்கு. பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டுமான்னு கேட்குது." மூச்சு வாங்கினாள். "நான் என்ன சொல்லட்டும் டாக்டர்?"