உங்க பென் என்கிட்ட இருக்கு

"ஐயோ... என் தலை!"

கூம்பு ஸ்பீக்கரின் வாய் நேராக எழிலின் நெற்றியில் வந்து முட்டியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ். வெளியே கார்த்திகை மழை... உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். டிரைவர் போட்ட பிரேக்கில், ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து நின்றவன் அப்படியே அவள் மேல் சாய்ந்துவிட்டான்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுதுங்க... ஸ்பீக்கருக்குத்தான் தெரியல."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, அந்தக் கண்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன. வாய் குறும்பு பேசுகிறது, கண் மன்னிப்புக் கேட்கிறது... இவன் என்ன ஆள்?

"இந்த மாதிரி சாமானெல்லாம் மேல டாப்புல போடணும்."

"நனைஞ்சா வீணாப் போயிடுங்க. உங்க தலை வீங்கினா ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"திமிரு!"

மோதலில் இரண்டு பேர் காதிலிருந்தும் ஒயர் பிடுங்கிக்கொண்டு, பாட்டு பிளேயரோடு கீழே விழுந்திருந்தது. அவன் குனிந்து, கால்களுக்கு நடுவே துழாவி, ஒன்றை அவளிடம் நீட்டினான். நீல நிறம், விரல் நீளம். அவள் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அவன் கையிலும் ஒரு நீலம் இருந்ததைக் கவனிக்கத் தோன்றவில்லை.

எழிலுக்குப் பாட்டு இல்லாமல் பஸ் ஏற வராது. பள்ளிக்கூடக் காலத்தில் அண்ணனின் வாக்மேன்... அது பேட்டரியையும் தின்னும், கேசட்டையும் தின்னும். காலேஜில் தோழியிடம் கடன் வாங்கிய சிடி பிளேயர். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குக் குதித்துவிடும்! இப்போது முதல் சம்பளத்தில் வாங்கிய எம்பி3 பிளேயர். பென் டிரைவ் போலக் கம்ப்யூட்டரில் செருகிப் பாட்டு ஏற்றுவதால் ஊரில் எல்லோருக்கும் அது வெறும் 'பென்'. இந்தச் சுருக்கம் தன் வீட்டில் கொண்டுவந்து இறக்கப்போகும் இடியை அவள் எங்கே கண்டாள்?

வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு டைப்பிங் வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒயரைக் காதில் வைத்தாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே... ஹலோ... ஹலோ..."

தூக்கிவாரிப் போட்டது. அவன் குரல்! அப்போதுதான் புரிந்தது, பென் மாறிப்போயிருக்கிறது. திருவிழா அறிவிப்புக்காகப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறான் போல. நடுவில் ஒரு வார்த்தை தடுக்க, தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறான். அந்தச் சிரிப்பைத் திரும்பக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்... எதற்கு என்று தெரியவில்லை. அடித்த பக்கத்தையே திரும்ப அடித்து மேனேஜரிடம் திட்டும் வாங்கினாள். ஸ்பீக்கரில் பெயர் எழுதியிருந்ததே... செழியன் சவுண்ட் சர்வீஸ், திருவூடல் தெரு. சாயங்காலம் ஆக மாட்டேன் என்றது.

அங்கே செழியனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவள் பென்னின் முதுகில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. அது அவள் அப்பா ஆதிமூலத்தின் நம்பர். மழையில் லைன் கிடைக்கவில்லை. சரி, எஸ்எம்எஸ் அனுப்புவோம் என்று உட்கார்ந்தான். அந்த போனில் தமிழ் ஏது? இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டினான்.

'Unga pen en kitta irukku. Bayapada vendam. Saayangalam kadaikku vandhu vaangikonga.' கீழே கடையின் பெயர்.

ஆதிமூலம் களத்து மேட்டில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். உங்க... பெண்... என்கிட்ட... இருக்கு. பயப்பட வேண்டாம் என்பதைப் படித்ததும்தான் அவருக்குப் பயமே வந்தது. சென்டருக்குப் போன் போட்டால் அதுவும் மழையில் செத்துக் கிடக்கிறது.

எழில் வேலை முடிந்து திருவூடல் தெருவுக்குள் நுழைந்தபோது கடை வாசலில் ஒரே கூட்டம். நடுவில் அவள் அப்பா! செழியனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். பக்கத்தில் மாமா வேடியப்பன் கையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு எழில எங்கடா வச்சிருக்க?"

"அப்பா!"

விஷயம் புரிந்ததும் தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. 'தப்பா நெனச்சிட்டேன் தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாம் இந்தப் பாட்டுப் பைத்தியத்தால வந்தது. நாளையிலருந்து வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

செழியன் அவள் பென்னை அவள் கையில் வைத்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுடையதைத் திருப்பித் தர வேண்டும் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

அதன்பிறகு வந்த நாட்களில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்தாள், கொல்லைக்குப் போனாள், எடுத்த துணியையே திரும்ப மடித்தாள். மழை நிற்கும்... மறுபடியும் பிடிக்கும். ஒயரைக் காதில் வைத்தால் அந்தக் குரல், அந்தத் தடுமாற்றம், அந்தச் சிரிப்பு. முகத்தைக்கூடப் பார்க்காமல் நின்றானே... என்னையும் சேர்த்து வெறுத்துவிட்டானா? இதற்கிடையில் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக அம்மா சரோஜா மெல்லச் சொன்னாள்.

இனியும் பொறுத்தால் தன் வேலை, தன் வாழ்க்கை, எல்லாமே கையை விட்டுப் போய்விடும் என்று எழிலுக்குத் தெரிந்தது. தலையைப் பின்னிக்கொண்டு அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, நான் தப்பு எதுவும் பண்ணல. அவரும் பண்ணல. நாளையிலருந்து வேலைக்குப் போறேன். இப்ப அவரு பொருள குடுத்துட்டு வர்றேன். திண்டிவனத்துக்காரங்க வர வேணாம்னு சொல்லிடுங்க."

ஆதிமூலம் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் மழையைப் பார்த்தார்.

"கொடை எடுத்துட்டுப் போ," என்றார்.

கடையில் செழியன் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தான். உடனே குனிந்துகொண்டான்.

"வச்சிட்டுப் போங்க."

"எங்கப்பா பண்ணதுக்கு நான் மன்னிப்பு..."

"தப்பு பண்ணது நீங்க இல்லீங்களே. அவரு வந்து சொல்லட்டும். டீ குடிக்கப் போனாக்கூட, 'இன்னா செழியா, இன்னிக்கு யாரு பொண்ணு உங்கிட்ட இருக்கு'ன்னு கேக்குறானுங்க."

அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முறைத்தான்.

"சிரிங்க... நல்லா சிரிங்க."

"பின்ன என்னங்க? இதே தெருவுல வருஷா வருஷம் திருவூடல் அன்னிக்கு சாமியும் அம்மனும் சண்டை போடுறாங்க. அவங்களே மறுநாள் சமாதானம் ஆயிடறாங்க. உங்களுக்கு மட்டும் கோவம் ஜாஸ்தியோ?"

"அவங்க புருஷன் பொண்டாட்டிங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. அவள் அவன் பென்னை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"எங்கப்பா வந்து மன்னிப்புக் கேக்க மாட்டாருங்க," என்றாள் கடைசியில். "அவரு சுபாவம் அப்படி. அதுக்காக நான் காத்துட்டிருக்க முடியாது. உங்க குரலக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க என்னப் பாக்காம நின்னீங்களே... அத நெனச்சு நெனச்சு அழுதேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன்... போறேன்."

இரண்டு அடிகூட வைத்திருக்க மாட்டாள். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவன் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க போறீங்க?"

"கீழ்பென்னாத்தூருக்கு."

"எங்கப்பா இன்னும் கோவமாத்தான்..."

"இருக்கட்டும். அவரு மன்னிப்பு எனக்கு வேணாம். நான் உன்னக் கேக்க வர்றேன்."

சண்டையிலும்கூட 'ங்க' போட்டே பேசியவன்...

"இன்னா சொன்னீங்க?"

"கேக்க வர்றேன்னு சொன்னேன்."

"அது இல்ல... அதுக்கு முன்னாடி."

அவன் இந்த முறை அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

"உன்ன... உன்னத்தான், எழில்."