நடுக்கதவு

கல்கத்தா கிடர்பூரில் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டில் நாங்கள் வந்து இறங்கியபோது மழை பெய்யவில்லை, நாய் ஊளையிடவில்லை. சாமான் இறக்க வந்தவர்கள் எங்கள் பீரோவைப் படியில் சிக்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பயப்படும்படி வேறெதுவும் அன்று நடக்கவில்லை.

பழைய காலத்து வீடு. மாடியில் எங்களுக்கு ஒரு கூடம், அதை ஒட்டி இரண்டு அறைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு கதவு. பச்சைப் பெயிண்ட் அடித்த மர ஜன்னல்களைச் சாத்தினால் பட்டப்பகலிலேயே அறை இருண்டுவிடும். சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. எப்போதாவது துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு கேட்கும். நடுக்கதவு ஈரத்தில் ஊதிச் சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. திறக்க வராது. எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஏனென்றால், நானும் என் மனைவி செல்வராணியும் பேசிக்கொள்வதில்லை.

தூத்துக்குடி கஸ்டம்ஸில் இருந்த என்னிடம், பதவி உயர்வோடு கல்கத்தா போகிறாயா என்று கேட்டார்கள். சரி என்றேன். வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது ஆர்டரே வந்துவிட்டது. ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு அவள் என்னோடு வந்தாள். பேச்சை மட்டும் தூத்துக்குடியிலேயே வைத்துவிட்டாள். "கேஸ் தீந்துட்டு", "சோறு மேசைல இருக்கு", அவ்வளவுதான். ஆளுக்கொரு அறை. மாசக் கடைசியில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். திரும்பி வர எடுக்கவில்லை.

வேடிக்கையான ஆள் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். அந்தச் சரக்கு வீட்டில் செல்லவில்லை. வருத்தமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தட்டிப் பார்த்தால் அடுத்தவன் கன்னம் போல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கால்பைசாகி அடித்தது, கோடை நடுவே சொல்லாமல் வருகிற இந்த ஊர்ப் புயல்மழை. வானம் கறுத்து, கரண்ட் போய், மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. அந்த இருட்டில் எங்கிருந்து தைரியம் வந்ததோ, படுத்தபடியே நடுக்கதவைப் பார்த்துக் கேட்டேன்.

"ராணி, முழிச்சிருக்கியா?"

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ம்."

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, பேச்சு வந்தது. உன்னைக் கேட்காமல் சரி சொன்னது தப்பு என்றேன். பதவி உயர்வில் எனக்குக் கிடைத்தது ஒரு சுழல் நாற்காலி, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்".

அதன் பிறகு லீவு நாள் மத்தியானங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கதவோடு பேசுவது வழக்கமாகிவிட்டது. ராத்திரி சாப்பிட வெளியே வந்தால் அவள் முகம் பழையபடியே இருக்கும். சரி, கோபம் கதவளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது, மீதி மெல்ல இறங்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "போகாத, ராணி" என்றேன்.

"ம்."

குரல் கதவை ஒட்டி வந்தது. சட்டத்தின் இடுக்கு வழியாக, நனைந்து மக்கிய சாக்கின் வாசனையும் வந்தது.

அதே நேரம் வாசல் பூட்டு திறந்தது.

செல்வராணி உள்ளே வந்தாள். கையில் சொட்டுகிற குடை. எங்கள் மாடிப்படிக்குக் கூரை கிடையாது.

எழுந்துபோய் அறை வாசலில் நின்றேன். "நீ உள்ள இல்லையா?"

"கீழ பௌதி வீட்ல இருந்தேன். எல்லா லீவு நாளும் மத்தியானம் அங்கனதான போறேன்."

கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாவை எல்லோரும் பௌதி என்றுதான் கூப்பிடுவோம். மனைவி வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாத அளவுக்கு நான் குடும்பஸ்தன்.

அவள் குடையை மூலையில் சாய்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"என்ன ஏன்? நேத்து சாயங்காலம் கதவு வழியா அவ்வளவும் சொன்னீங்கல்லா. இத்தன நாளும் நான் பேசப் பேச வெறும் 'ம்' தான் வந்துச்சு. நேத்துதான் நீங்க வாயத் தொறந்தீங்க."

நேற்று சாயங்காலம் நான் தெருமுனை டீக்கடையில் இருந்தேன். தினமும் சாயங்காலம் அங்கேதான். உள்ளே இருப்பதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விளக்கையும் மின்விசிறியையும் ஓடவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவேன்.

என் அறையில் யார் இருந்தது?

உண்மையைச் சொன்னால் மறுபடி டிக்கெட் எடுப்பாள். இந்தத் தடவை கேன்சல் பண்ணமாட்டாள்.

"நீங்கதான சொன்னீங்க?" அவள் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆமா," என்றேன். "நான்தான்."

உள்ளே, நடுக்கதவுக்குப் பின்னால், யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அவளுக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு வீடு கலகலப்பாகிவிட்டது. "நேத்து சொன்னீங்களே, பவானிப்பூர்ல ஒரு ஸ்கூலுன்னு? போய்க் கேட்டேன், வரச் சொல்லிட்டாங்க" என்பாள். நான் சொல்லவே இல்லை. ஆமா என்பேன். "எங்கம்மாவ இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கலாம்னு சொன்னீங்கல்லா?" என்பாள். நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆளே இல்லை. அதற்கும் ஆமா. ஒவ்வொரு ஆமாவுக்கும் அவள் முகம் தெளிந்தது. எனக்கோ அந்த ஊசி போட்ட மரமரப்பு இன்னும் கொஞ்சம் பரவியது.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் படியேறுவேன். அவள் பாடிக்கொண்டே துணி மடிப்பாள். வாய் வராது.

பிறகு, மேசையில் எதிரே உட்கார்ந்து கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைதான் திரும்பினாள். கொஞ்ச நாளில் மூன்றாம் தடவை. ஒரு ராத்திரி மேசையில் ஒரு தட்டுதான் வைத்திருந்தாள். கேட்டேன். "நீங்க இப்பதான உள்ள சாப்டீங்க?" என்றாள்.

ஆமா என்றேன்.

நேற்று ஆபீஸிலிருந்து வந்தபோது என் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

அதற்கு நடுவே ஒரு ஆண் குரல்.

என் குரல்.

தொண்டையைச் செருமிக்கொள்வதுகூட என்னைப் போலவே இருந்தது. நான் இதுவரை சொல்லாத ஒரு வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல வேடிக்கைதான். எனக்கே சிரிப்பு வந்தது.

கதவைத் தட்டினேன்.

சிரிப்பு நின்றது.

"வெளிய யாரு?" என்று செல்வராணி கேட்டாள்.

"யாரும் இல்ல," என்றது என் குரல்.