பொடிசுக்குத் தெரியாத பலகை

வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பொடிசு என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய சித்தி வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் பேசுவாள். வண்டி ஓட்டுகிறவர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். சித்தி சட்டம் என்ன சொல்கிறது என்று பதில் சொல்வாள். அன்று பொடிசும் கூடப் போயிருந்தாள்.

"அந்தச் சிவப்பு விளக்கு எரியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா சித்தி?"

"விடலாம். கேள்விதான் கேக்கக் கூடாது."

பொடிசுக்கு மூச்சை அடக்குவதே மேல் என்று தோன்றியது.

விளக்கு எரிந்தது. முதலில் ஓர் அம்மா கேட்டார். "போலீஸ் கை காட்டினா அதே இடத்துல நிறுத்திடணுமாங்க?"

"நடு ரோட்டுல வேணாம்மா. ஓரமா, பத்திரமா நிறுத்துங்க. எஞ்சினை அணைச்சிட்டு, கையை ஸ்டீயரிங் மேல வெச்சுக்கோங்க."

"எதுக்கு நிறுத்துனீங்கன்னு கேக்கலாமா?"

"தாராளமா. குரலை மட்டும் உசத்த வேணாம்."

அடுத்து ஒரு டாக்சிக்காரர் பேசினார். அவர் குரல் கம்மியிருந்தது.

"பேக்கரி பக்கத்துச் சந்துல நுழைஞ்சேன்னு பிடிச்சுட்டாங்க மேடம். முன்னாடி ரெண்டு தடவை வேகமா போய் மாட்டினேன். அது என் தப்புதான். ஆனா சத்தியமா அந்தச் சந்துல போர்டே இல்ல. நாளைக்கு விசாரணை. லைசன்ஸ் போச்சுன்னா என் பொழப்பே போச்சு."

"போர்டு இருக்குங்க. தினமும் அந்த வழியாத்தான் நடந்து வரேன். நான் பாக்கலைன்னு சொன்னா சட்டம் ஏத்துக்காது."

"சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

பொடிசுக்கு மனசு கேட்கவில்லை. விளக்கு அணைந்ததும் ஆரம்பித்தாள். "அவரைப் பாத்தா பொய் சொல்ற மாதிரி இல்லையே சித்தி?"

"நீ எங்கடி அவரைப் பாத்தே? போன வாரமும் ரெண்டு பேர் இதையேதான் சொன்னாங்க. எல்லாம் சாக்கு."

"மூணு பேரும் எப்படி ஒரே சாக்கு சொல்வாங்க?"

சித்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வா, போற வழிதானே. நீயே பாரு" என்றாள்.

சந்து முனையில் டிராஃபிக் போலீஸ்காரர் நின்றிருந்தார். சித்தி நெட்டை. அவர் சித்தியைவிட நெட்டை.

"அதோ பாரு போர்டு!" சித்தி கை நீட்டினாள்.

"கேக்கா?"

பேக்கரிக்காரர் நடைபாதை ஓரத்தில் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். அதில் ஒரு கேக் வரைந்திருந்தது.

"கேக்குக்குப் பின்னாடி, 'நுழையக் கூடாது'ன்னு இருக்கு பாரு!"

பொடிசு எக்கிப் பார்த்தாள். கேக். குதித்துப் பார்த்தாள். சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்து மறைந்தது.

போலீஸ்காரர் சிரித்தார். "லாரிக்காரங்களுக்குத் தெரியுது. பஸ்காரங்களுக்குத் தெரியுது. இந்தக் கார்க்காரங்க கண்ணுக்கு மட்டும் தெரியவே தெரியாதாம்!"

பொடிசு குதிப்பதை நிறுத்தினாள்.

"லாரிக்காரங்க உயரத்துல உக்காந்து ஓட்டுறாங்க. கார்க்காரங்க?"

பொடிசு பேக்கரி வாசலில் கிடந்த காலிப் பெட்டி ஒன்றை இழுத்து வந்து சாலையோரம் கவிழ்த்துப் போட்டாள்.

"சார், ஒரு நிமிஷம் உக்காருங்களேன்."

"யூனிஃபார்மோடயா?"

"கார்ல உக்காந்திருக்கற மாதிரி நினைச்சுக்கோங்க."

அவர் உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கட்டையைத் தொட்டது. பார்த்தார். தொப்பியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

"கேக்தான் தெரியுது" என்றார் மெதுவாக.

"கொஞ்சம் எழுந்திரிங்க" என்று சித்தியும் உட்கார்ந்து பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. "பாவம் அந்த டாக்சிக்காரர், நாளைக்கு விசாரணைன்னு போன்ல சொன்னாரு. நான் பாட்டுக்கு நின்னு பாத்துட்டுப் பதில் சொல்லிட்டேன்."

"நானும் நின்னுக்கிட்டேதானே பிடிச்சேன்" என்றார் போலீஸ்காரர். "நாளைக்கு விசாரணையில நானே வந்து சொல்லிடறேன்."

கேட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் கேக்கைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு விளக்கு எரிந்ததும் சித்தி சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கோங்க. போன வாரம் நான் ஒரு பதிலைத் தப்பா சொல்லிட்டேன்." நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

உடனே போன் அடித்தது. அதே டாக்சிக்காரர். ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"லைசன்ஸ் என் சட்டைப் பையிலயே இருக்கு மேடம்! ஒரே ஒரு சந்தேகம். இதைக் கண்டுபிடிச்ச பொண்ணு எவ்வளவு உயரம் இருப்பா?"

சித்தி மைக்கைப் பொடிசின் பக்கம் தள்ளினாள். பொடிசு சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. சித்தி தலையாட்டினாள்.

"கார்ல உக்காந்தா நீங்க எவ்வளவு உயரமோ," என்றாள் பொடிசு, "அவ்வளவு!"