மாமனார் லைனில் இருக்கிறார்!

போன் அலறியது!

தலையணைக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்த மருமகன் திடுக்கிட்டான்.

அலறியது மாமனாரின் போன். கட்டிலில், அவர் காதுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அதே தலையணைதான் விடிவதற்கு முன்பே அவர் கதையை முடித்திருந்ததே!

"சனியன்... செத்தும் நிம்மதியா விடமாட்டேங்குது!"

நேற்று சாப்பாட்டு மேஜையில், பெற்ற மகளை வைத்துக்கொண்டே கிழவர் உறுமியிருந்தார். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்த ஆளு மூட்டையைக் கட்டிடணும். என் வீட்டுல தண்டச்சோறுக்கு இடமில்ல!"

மகள் நைட் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

மருமகன் மூட்டை கட்டவில்லை. மாமனாரையே வழியனுப்பிவிட்டான்.

பயம்? துளிகூட இல்லை! ஆறு மாதம் முன்பு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மனிதர். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றால் எவன் சந்தேகப்படுவான்? மனைவி டியூட்டி முடிந்து வந்து பார்த்து அலறட்டும். அதுவரை அடுத்த அறையில் குறட்டை விட்டால் போதும்.

போன் விடவில்லை. திரையைப் பார்த்தான்.

'ஹார்ட் ஆஸ்பத்திரி.'

பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

இரண்டு ரவுண்டு உள்ளே போனால், நண்பர்களுக்கு மாமனார் குரலில் பேசிக் காட்டிச் சிரிக்க வைக்கிறவன் அவன். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாரு...?"

"ஹார்ட் ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன் சார். எங்க ஆராய்ச்சியில சேர்ந்தீங்கள்ல... ஆறு மாசமாச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம்னு. பேசறது ரெக்கார்ட் ஆகும், பரவாயில்லையா?"

ரெக்கார்டா! மருமகனுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"நல்லா ஆகட்டும்மா... நெஞ்சை அடைக்குது... இடது கை இழுக்குது..."

"ஐயையோ! எப்போலேர்ந்து?"

"இப்பத்தான்... ஸ்டென்ட் வெச்ச இடத்துலயே குத்துதும்மா. மாத்திரையை நானாத்தான் நிறுத்திட்டேன். மருமகன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டான், நான்தான் கேக்கல. தங்கமான பையன்..."

"அசையாதீங்க சார்! ஆம்புலன்ஸோட நானே வரேன்!"

"ஆ...!"

போன் தரையில் விழுந்தது. விழ வைத்தான்.

ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். அழுகை வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. குழாயைத் திறந்து கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

டாக்டர் சின்ன உருவம், பெரிய கண்ணாடி.

"போயிட்டார் டாக்டர்! உங்ககிட்டப் பேசிக்கிட்டே... என் கண்ணு முன்னாலயே சாஞ்சிட்டார்!"

அவள் குனிந்தாள். நாடி பார்த்தாள். தாடையைத் தொட்டாள். கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். டிரைவரின் காதில் ஏதோ சொன்னாள். அவன் போனும் கையுமாக வெளியே ஓடினான்.

"என்ன ஆகியிருக்கும்னு நினைக்கறீங்க?"

"என்னைக் கேக்கறீங்களா? ஸ்டென்ட் அடைச்சுக்கிச்சு! நீங்க வெச்ச ஸ்டென்ட்! உங்களை கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!"

"எந்த ஸ்டென்ட்?"

"என்ன விளையாடறீங்களா?"

"இவருக்கு நாங்க ஸ்டென்ட்டே வெக்கலையே!"

"வெக்கலையா?" என்றான் மருமகன்.

"சம்மதிச்சு ஆராய்ச்சிக்கு வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் ஸ்டென்ட். மீதிப் பேருக்கு வெக்கற மாதிரி பாவனைதான்; மயக்க மருந்தும் மாத்திரையும் மட்டும். யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அவசரம்னதால வர்ற வழியில ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

ஆனாலும் அவன் சளைக்கவில்லை.

"அப்ப... சாதாரண மாரடைப்பு! நெஞ்சு குத்தினதும் ஸ்டென்ட்டுன்னு நினைச்சிருப்பார். கிழவருக்கு என்ன தெரியும்?"

"இருக்கலாம். ஸ்டென்ட்டை விடுங்க. இந்தத் தாடையைத் தொட்டுப் பாருங்க."

"எ... எதுக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு! செத்து மணிக்கணக்கா ஆனாத்தான் இப்படி விறைக்கும். சரி... அப்ப என்கிட்ட இப்பத்தான் போன்ல பேசினது யாரு?"

மருமகன் வாசலைப் பார்த்துப் பாய்ந்தான்!

ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வழியை மறித்து நின்றார்கள். பிடித்து உட்கார வைத்தார்கள். போலீஸ் ஜீப் வரும்வரை அவன் மாமனாரின் பக்கம் திரும்பவே இல்லை.

"போனை எடுக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பான். தவளை தன் வாயால கெடும்!" விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஆமா டாக்டர், ஆராய்ச்சின்னீங்களே... என்னதான் தெரிஞ்சுது?"

டாக்டர் கையுறையைக் கழற்றினாள்.

"எல்லாரையும் விசாரிச்சாச்சு இன்ஸ்பெக்டர். ஸ்டென்ட் வெச்சவங்களும் நல்லாத்தான் இருக்காங்க, வெக்காதவங்களும் நல்லாத்தான் இருக்காங்க... வீட்டோட மாப்பிள்ளை வெச்சவங்கதான் பொட்டுன்னு போயிடறாங்க!"